மண்ணு சாமிக்கு, வரி மாப்ளைக்கு

மாப்ள, மொதல்ல அந்த அரைக்கால் டவுசரைக் கழட்டிட்டு ஒரு வேட்டியைக் கட்டு. கேலிக்குச் சொல்லலை. டவுசரும் கூலிங் கிளாசும் கையில தண்ணி பாட்டிலுமா வடக்கு மாட வீதியில நடந்தீன்னா, கீரைக்காரம்மாகூட கட்டுக்கு அஞ்சு ரூபா ஏத்தித்தான் சொல்லும். நீயும் "தேங்க்ஸ்மா"ன்னு சொல்லிட்டு வாங்கிட்டு வருவே. பாஸ்போர்ட்டு அமெரிக்காவோடதா இருக்கட்டும், வேணாங்கல. அது பீரோவுல இருக்கட்டும், மொகத்துல எதுக்கு?

நீ கொண்டாந்து கொட்டுற வருத்தத்தையெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். பிளம்பர் வரலை. தண்ணி உப்புக் கரிக்குது. அசோசியேசன்ல கணக்குக் கேட்டா மொறைக்கிறாங்க. உன் எடத்துல எவனோ காரை நிறுத்திட்டுத் திருப்பதி போயிட்டான். எல்லாத்துக்கும் கடைசியில ஒரே பல்லவி: "சொந்த வீடு மாமா, முழுக் காசும் எண்ணிக் குடுத்து வாங்கினது." நான் மன்னார்குடியில பத்திரம் எழுதிச் சோறு தின்னவன். 'சர்வ சுதந்திர பாத்தியமாய்'னு நான் எழுதின அளவுக்கு அந்த ஜில்லாவுல எவனும் எழுதியிருக்க மாட்டான். எழுதிக் குடுத்த பத்திரத்துல பாதி அப்புறம் கோர்ட்டுக்குப் போச்சு. அதனாலதான் நீ சொந்தம்ங்கிறப்ப எனக்குச் சிரிப்பு வருது, தப்பா நெனைக்காதே.

உன் கூட்டாளி வெள்ளைக்காரன் ஒருத்தன் மெக்சிகோவுல கடலோரமா வீடு வாங்கிட்டு லோல்படுறான்னியே. அந்த ஊர்ல கடல்லேர்ந்து 50 கிலோமீட்டருக்குள்ள, எல்லையிலேர்ந்து 100 கிலோமீட்டருக்குள்ள அன்னியன் பேர்ல நேரா வீட்டு மனை எழுத முடியாது. 1917-ல போட்ட அரசியல் சட்டத்துலயே அடைச்சுட்டானுவோ. பத்திரம் பேங்கு பேர்ல, அனுபவம் இவனுக்கு. கெடு 50 வருசம், வேணும்னா நீட்டிச்சுக்கலாம், நடுவுல வருசா வருசம் பேங்குக்குத் தட்சிணை. "என்ன அநியாயம் மாமா"ன்னு கொதிச்சே.

ஏன், மயிலாப்பூருல என்ன நடக்குது? அந்த முத்தம் வச்ச ஓட்டு வீடு, பாத்த ஒடனே உனக்குக் கண்ணு கலங்கிச்சே, ஆத்தா வீடு மாதிரியே இருக்குன்னு? தரகன் சத்தியம் பண்ணாத கொறையா பேசினான். நான்தான் மூலப் பத்திரத்தை வாங்கிப் பொரட்டினேன். கிரயம் கட்டடத்துக்கு மட்டும். அடிமனை கபாலீசுவரர் கோயிலுக்கு. அந்தச் சுத்துவட்டாரத்துல அப்படி எத்தனையோ வீடு. சுவரு மனுசனுக்கு, மண்ணு சாமிக்கு, மாசாமாசம் கோயிலுக்கு வாடகை. மெக்சிகோவுலயாச்சும் பேங்கு மேனேஜர்கிட்டப் போயி மேசையைத் தட்டிச் சண்டை போடலாம். இங்க ஓனரு கருவறையில இருக்காரு. சண்டைக்குப் போனாலும் நீதான் கன்னத்துல போட்டுக்கிட்டு, உண்டியல்லயும் போட்டுட்டு வரணும். சட்டத்துக்கு முன்னால சாமியும் ஒரு ஆளு, தெரியும்ல? சொத்து வச்சுக்கலாம், கேசு போடலாம். அவருக்கு வயசும் ஆவாது, அவசரமும் கெடையாது. அவரோட வழக்காடி எந்தக் குடித்தனக்காரன் ஜெயிக்கிறது!

சரி, இப்ப வாங்கியிருக்கிற பிளாட்டு மட்டும் என்ன வாழுதாம்? பிரிக்கப்படாத பாகம்னு போட்டிருக்கு. இத்தனை சதுரடி மண்ணு உனக்குண்டு, ஆனா எங்கேன்னு காட்ட முடியாது. மாடிப்படிக்குக் கீழயா, செப்டிக் டேங்குக்கு மேலயான்னு பிரம்மாவைக் கேட்டாலும் தெரியாது. பட்டாவுல இன்னும் பழைய சொந்தக்காரர் பேரு, அவரு போட்டோவுக்குச் சந்தன மாலை போட்டுக் காலமாச்சு. இதுல நீ மேல் வீட்டு அம்மாவுக்கு "உங்க பாத்ரூம் ஒழுகுது"ன்னு இங்கிலீசுல லெட்டர் எழுதி, காப்பி செக்ரட்டரிக்கும் அனுப்பியிருக்கே. முன்னெல்லாம் பழைய கட்டடத்தை இடிச்சுக் கட்டணும்னா ஒருத்தர் விடாம எல்லாரும் கையெழுத்துப் போடணும். 2022-ல புதுச் சட்டம் பண்ணி, மூணுல ரெண்டு பங்கு பேரு ஒத்துக்கிட்டாப் போதும்னு ஆக்கிட்டாங்க. அந்தம்மா ஒரு கையெழுத்து, மாப்ள. ஒழுகுற எடத்துல ஒரு வாளியை வையி. மேல போயி "உங்க வீட்டுக் காபி வாசனை கீழ வரைக்கும் வருது"ன்னு சொல்லு. ஒழுகல் அடுத்த வாரம் தானே நிக்கும்.

உன் பேரு விவகாரம் இருக்கே, அதைத் தனியா ஒரு நாள் உக்காந்து சிரிக்கணும். பள்ளிக்கூடத்துல முன்னெழுத்தோட ஒரு பேரு. அமெரிக்காவுல கடைசி பேரு கேட்டான்னு உங்கப்பாரு பேரைத் தூக்கிப் பின்னால வச்சே. அதுலேர்ந்து அங்க எல்லாரும் உன்னை விட்டுட்டு உங்கப்பாரைத்தான் கூப்பிடுறானுவோ. ஆதார்ல முன்னெழுத்தை விரிச்சு ஒரு பேரு. கரண்டு அட்டையில பில்டர் பேரு. சொத்து வரி ரசீதுல உன் பேரும் பில்டர் பேரும் கலந்து யாருமே இல்லாத ஒரு ஆளு. இத்தனை பேரும் ஒரே ஆளுதான்னு நோட்டரிகிட்ட எழுதி வாங்கிட்டு வந்து, "மாமா, எங்க ஊர்ல இதுக்கெல்லாம் ஒரு நம்பர் போதும்"ங்கிறே. எந்த ஊருய்யா உங்க ஊரு? அதை மொதல்ல முடிவு பண்ணு.

ஓசிஐன்னு ஒரு பொஸ்தகம் வச்சிருக்கியே, அதை நான் கொறை சொல்ல மாட்டேன். 2005-ல சட்டம் பண்ணாங்க, நல்லதுதான். விசா வேணாம், எத்தனை நாளும் இருக்கலாம், பிளாட்டு வாங்கலாம், கடை வாங்கலாம். ஓட்டுப் போட முடியாது. போன தேர்தல்ல நாங்க எல்லாரும் விரல்ல மை வச்சுக்கிட்டு வந்தப்ப நீ மட்டும் மொட்டை விரலோட நின்னியே, எனக்கே பாவமா இருந்துச்சு. ஆனா சொத்து வரியில உனக்கு முழு மரியாதை உண்டு. அரை வருசத்துக்கு ஒருக்கா. ஏப்ரல் 30-க்குள்ள, அக்டோபர் 31-க்குள்ள கட்டினா நூத்துக்கு அஞ்சு தள்ளுபடி, அதுவும் 5,000 ரூபாய்க்கு மேல போவாது. அப்புறம் இன்னொண்ணு: ஊர்ல நாலு மா வயல் வாங்கி இயற்கை வெவசாயம் பண்ணப் போறேன்னியே, அது நடக்காது. உன் பொஸ்தகத்துக்கு வயலும் தோப்பும் பண்ணை வீடும் வெலைக்கு வாங்க அனுமதி இல்ல. வாரிசா வந்தா வச்சுக்கலாம். அப்படிப் பாத்தா என் பங்கு ஒரு மா இருக்கு... இல்ல, நான் இப்போதைக்குப் போறதா உத்தேசம் இல்ல, நீ அப்படிப் பாக்காதே.

பிளம்பருக்கு வருவோம். நீ போன்ல மூணு வேலையை நம்பர் போட்டுச் சொன்னே, வாட்சப்புல படமும் அனுப்பினே, "காலையில பத்து மணிக்கு ஷார்ப்பா"ன்னும் சொன்னே. அவன் எப்படி வருவான்? நாள் முழுக்க மாட்டிக்குவோம்னு பயந்து ஃபோனை அணைச்சுட்டான். "தம்பி, ஒரு வாஷர் மட்டும் மாத்தணும், அஞ்சு நிமிச வேலை, அந்தப் பக்கம் வந்தா எட்டிப் பாரு"ன்னு சொல்லணும். வந்தா டீ குடு. குடிக்கிறப்ப ஊரு எதுன்னு கேளு. பண்ருட்டிம்பான், செய்யாறும்பான், அங்க மழை பேஞ்சுதான்னு கேளு. அவன் பையைத் தூக்குறப்ப, "அப்படியே இந்தக் குழாயையும் பாத்துருப்பா"ன்னு ஆரம்பி. மூணு வேலையும் ஆயிரும். முழுக் கூலியையும் அன்னைக்கே குடுத்துறாதே, அம்பது ரூபா சில்லறை இல்லன்னு பாக்கி வையி. அதை வாங்க வர்றப்ப நாலாவது வேலைக்கு ஆளு வந்தாச்சு.

தண்ணியைப் பத்தி நீ அழுவுறது மட்டும் நியாயம். குடிக்கக் கேன், சமைக்க மெட்ரோ தண்ணி, குளிக்க போர், எதுவும் இல்லாத அன்னைக்கு லாரி. எந்தக் குழாயில எந்தத் தண்ணின்னு நீ ஸ்டிக்கர் ஒட்டி வச்சது நல்ல யோசனை, வேலைக்காரம்மா அதைப் பாத்துச் சிரிச்சாலும். இந்த ஊரு தண்ணி விசயத்துல நடுவுல நிக்கவே நிக்காது. 2015 டிசம்பர்ல செம்பரம்பாக்கத்துத் தண்ணி அடையாத்துல பெருகி வந்து கோட்டூர்புரத்துல வீட்டுக்குள்ள பூந்துச்சு. 2019 கோடையில அதே செம்பரம்பாக்கத்தோட பூண்டி, சோழவரம், செங்குன்றம் எல்லாம் வெடிச்சுக் கெடந்து, ஜோலார்பேட்டையிலேர்ந்து ரயில்ல தண்ணி வந்துச்சு. 2003-ல மழைத்தண்ணி சேமிக்கக் குழாய் வச்சே ஆவணும்னு கண்டிப்பா சொன்னாங்க. உன் கட்டடத்துலயும் வச்சிருக்கான், மொட்டை மாடியிலேர்ந்து அழகா எறங்கி வருது. வந்து தரைக்கு ஒரு அடி மேல நின்னு போச்சு. அதுக்குக் கீழ செக்ரட்டரி துளசித் தொட்டி வச்சிருக்காரு. இதையும் லெட்டர்ல எழுதாதே.

பங்குனியில மவ பிரசவத்துக்கு நியூஜெர்சி போறேங்கிறே. ஆறு மாசம் வீட்டை வாடகைக்கு விடலாமான்னு யோசிக்காதே. வெளிநாட்டுவாசின்னு கணக்காயிட்டா, குடியிருக்கிறவன் உனக்குக் குடுக்கிற வாடகையில நூத்துக்கு முப்பதுக்கு மேல வரி புடிச்சு சர்க்காருக்குக் கட்டணும். எந்தக் குடித்தனக்காரன் அந்தத் தலைவலியை வாங்கிக்குவான்? அட்வான்ஸ் பேச்சு வேற. 2017-ல வந்த சட்டத்துல வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாட்டி மூணு மாச வாடகைதான்னு இருக்கு; மெட்ராஸ்காரன் பத்து மாசம் கேட்டுப் பழகினவன்.

பூட்டிட்டுப் போறதுன்னா சாவி யாருகிட்ட? இதை மட்டும் நிதானமாக் கேளு.

அடையாத்துல தியசாபிகல் சொசைட்டி இருக்கே, ஆலமரம் பாக்க நடந்து போவோமே, அது ஒரு காலத்துல உன்னை மாதிரி ஆளு வாங்கின வீடுதான். அந்தச் சபையை ஆரம்பிச்சவங்கள்ல ஆல்காட்டு அமெரிக்கப் பட்டாளத்துக் கர்னல். பிளாவட்ஸ்கி அம்மா ருசியப் பேரரசுல பொறந்தது, 1878-ல உன்னைப் போலவே அமெரிக்காக்காரியா மாறினது. 1882-ல ஆத்தங்கரையில ஹட்டில்ஸ்டன் தோட்டத்தை வாங்கிக் குடி வந்தாங்க. வீட்டைப் பாத்துக்க கூலோம்னு ஒரு புருசன் பெண்சாதி. அந்தம்மாவுக்கு கெய்ரோவுலயே பழக்கமானவங்க. பெண்சாதி வீட்டு நிர்வாகம், புருசனுக்குத் தச்சு வேலை தெரியும். மாடியில ஒரு அறை, அதுல ஒரு அலமாரி. சபைக்காரங்க குருவா நம்பின மகாத்மாக்கள் எழுதின கடுதாசி அதுல வந்து சேரும்னு பேச்சு. 1884 பிப்ரவரியில கர்னலும் அம்மாவும் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினாங்க. மாடி அந்தத் தம்பதி கையில. மே மாசம் சண்டை முத்தி, சபைக்காரங்க அவங்களை வெளியே அனுப்பிட்டாங்க. செப்டம்பர்ல மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகையில, 'அம்மா எனக்கு எழுதின கடுதாசி'ன்னு அந்தப் பொம்பளை குடுத்தது அச்சேறிப் போச்சு. அலமாரிக்குப் பின்னால ரகசிய வழி இருக்கு, அம்புட்டும் தந்திரம்னு! கடுதாசி போலி, அந்த வழி நான் இல்லாத நேரத்துல அந்தத் தச்சன் பண்ணின வேலைன்னு அம்மா சொன்னாங்க. விசாரிக்க லண்டன்லேர்ந்து ஆளே வந்துட்டான். யாரு சொன்னது நெசம்னு இன்னிக்கும் அடிச்சுக்கிறாங்க, அந்தப் பஞ்சாயத்து நமக்கு வேணாம். 1885-ல அந்தம்மா அடையாத்தை விட்டுப் போனதுதான், சொந்த வீட்டுக்குத் திரும்பவே இல்ல. 1891-ல லண்டன்லயே காலமாயிட்டாங்க.

அதனால செக்ரட்டரிகிட்டக் குடுக்காதே, மீட்டிங்கை உன் ஹால்லயே வச்சுருவாரு. வாட்ச்மேன் நல்ல பய, ஆனா அவனுக்கு மச்சான்மாரு நெறைய. தரகன்கிட்டக் குடுத்தா நீ திரும்பி வர்றப்ப உள்ளேருந்து யாராச்சும் "யாரு வேணும்?"பான். பவர் பத்திரம் எழுதி அனுப்புறேன்னு சொல்லவே சொல்லாதே. அங்க எழுதினா நோட்டரிகிட்டயோ தூதரகத்துலயோ முத்திரை வாங்கணும், இங்க வந்து சேந்த மூணு மாசத்துக்குள்ள முத்திரைத் தீர்வை கட்டணும், அம்புட்டும் பண்ணினப்புறம் பேரு ஒத்து வரலைம்பான்.

அப்ப யாருகிட்டத்தான் குடுக்கிறதுங்கிறே. நான் என்னத்தைச் சொல்ல? எனக்கு எதுக்குப்பா உன் சாவி, மவன் வீட்டுல ஒரு கொறையும் இல்ல. ரெண்டு ரூம்ல ஏழு பேரு, பேரப் பயலுவ கிரிக்கெட்டு பாக்குற சத்தத்துல எனக்குக் காதே நல்லாக் கேக்க ஆரம்பிச்சிருச்சு. அறுபத்துமூவர் அன்னைக்கு மாட வீதிக் கூட்டத்துல நின்னாத்தான் முட்டி வலிக்கும். உன் பால்கனியிலேர்ந்து பாத்தா நாயன்மாருங்க பல்லக்கு வரிசையா வர்றது தெரியும்ல? சும்மாத்தான் கேட்டேன். ஆமா, அந்த ஏசி ரிமோட்டை எந்த டிராயர்ல வச்சிருக்கே?