நுரை முகத்தாரைத் தொந்தரவு செய்யாதீர்

முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு நிற்கிற ஆம்பளையைக் கறிவேப்பிலை வாங்கிவர யாரும் கடைக்கு அனுப்ப முடியாது. குடும்பஸ்தனுக்கு இருக்கிற ஒரே சட்டப் பாதுகாப்பு இதுதான் என்பது என் அபிப்பிராயம். குளித்துக்கொண்டிருந்தால் கதவைத் தட்டுவார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தால், "கை கழுவிட்டு அப்படியே கேஸ் புக் பண்ணிருங்க" என்பார்கள். சாமி கும்பிட்டால், கண்ணைத் திறந்ததும் சொல்லலாம் என்று பக்கத்திலேயே காத்து நிற்பார்கள். கன்னத்தில் நுரை, கையில் பிளேடு என்று நிற்பவனிடம் மட்டும் எதையும் கேட்க ஒரு தயக்கம் வரும். கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியதில்லை. உதட்டைச் சுற்றியிருக்கும் நுரையை விரலால் சுட்டிக் காட்டினால் போதும். பராமரிப்புக் கட்டணத்தை ஏன் உயர்த்துகிறோம் என்று விளக்க வந்த எங்கள் அடுக்குமாடிச் சங்கச் செயலாளரே, என் கோலத்தைப் பார்த்துவிட்டு "அப்புறம் வரேன் சார்" என்று திரும்பியிருக்கிறார். அவர் அப்படியெல்லாம் திரும்பிப் போகிற ஆள் இல்லை என்பது எங்கள் பிளாக்குக்கே தெரியும்.

இந்தப் பாதுகாப்பு எவ்வளவு நேரம் செல்லுபடியாகும் என்பதுதான் விஷயம். டப்பாவை அமுக்கி ஜெல்லைப் பூசி, ஐந்து பிளேடு ரேசரால் நாலு இழுப்பு இழுத்தால் மூன்று நிமிஷத்தில் ஆட்டம் முடிந்துவிடும். அப்பா காலத்து முறைப்படி பிரஷ், சோப்பு, வெந்நீர், ஒற்றை பிளேடு ரேசர் என்று இறங்கினால் இருபது நிமிஷம். மனசு வைத்தால் அரை மணி நேரம். நான் பழைய முறைக்குத் தாவியதற்கு இதைத் தவிர வேறு தத்துவக் காரணம் கிடையாது. வீட்டில் சொன்ன காரணம், சிக்கனம்.

சிக்கனம் என்பது முழுப் பொய்யும் அல்ல. ஐந்து பிளேடு கொண்ட பாக்கெட் ஒன்று, டீயும் வடையும் சாப்பிடுகிற காசுக்குக் கிடைக்கிறது. கார்ட்ரிட்ஜ் அப்படியா? முந்திரிப் பருப்பையும் ஏலக்காயையும் கைக்கெட்டுகிற தட்டில் நம்பி வைத்திருக்கிற சூப்பர் மார்க்கெட்டில், கார்ட்ரிட்ஜை மட்டும் பில் போடுகிறவர் முதுகுக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி வைத்திருக்கிறார்கள். கேட்டால் நம்மை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துத் தருகிறார்கள். 1971இல் ஜில்லெட் கம்பெனியிடமிருந்து டிராக் டூ என்று இரண்டு பிளேடு ரேசர் வந்தது. முதல் பிளேடு முடியை இழுத்துப் பிடிக்குமாம், இரண்டாவது வெட்டுமாம். 1998இல் மூன்று பிளேடு. 2003இல் போட்டிக் கம்பெனி நான்கு வைத்தது. விடுவார்களா? 2006இல் ஐந்து. தாடி என்னவோ அதே தாடிதான். இப்படியே போனால் என் பேரன் காலையில் எழுந்து கதிர் அறுக்கும் மெஷினுக்குள் முகத்தை நீட்ட வேண்டியிருக்கும்.

இத்தனைக்கும் மூல புருஷர் கிங் கேம்ப் ஜில்லெட். கிங் என்பது பட்டமல்ல, வைத்த பெயரே அதுதான். சோடா பாட்டில் மூடி விற்கும் கம்பெனியில் சேல்ஸ்மேனாக ஊர் ஊராக அலைந்தவர். அந்த மூடியைக் கண்டுபிடித்த முதலாளி வில்லியம் பெயின்டர் அவருக்கு ஒரு யோசனை சொன்னாராம்: ஜனங்கள் ஒருமுறை உபயோகித்துவிட்டுத் தூக்கிப்போட்டு, திரும்ப வந்து வாங்குகிற மாதிரி எதையாவது கண்டுபிடி. 1895இல் மழுங்கிய சவரக் கத்தியும் கையுமாகக் கண்ணாடி முன் நின்றபோது ஜில்லெட்டுக்குப் பொறி தட்டியது. இதில் வேடிக்கை என்னவென்றால், அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் வியாபாரப் போட்டியே மனித குலத்தின் சாபம் என்று ஒரு புத்தகம் எழுதியிருந்தார். எல்லாத் தொழிலையும் பொதுமக்களுக்குச் சொந்தமான ஒரே நிறுவனம் நடத்த வேண்டும், ஜனங்கள் எல்லாரும் நயாகரா அருவிப் பக்கம் ஒரே மாநகரத்தில் வாழ வேண்டும், மின்சாரத்தை அருவி பார்த்துக்கொள்ளும் என்பது திட்டம். மாநகரம் வரவில்லை, பிளேடு வந்தது. விற்பனை தொடங்கிய 1903இல் மொத்தம் 51 ரேசரும் 168 பிளேடும் போயின. முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவம் மட்டும் 35 லட்சம் ரேசர்களையும் 3 கோடியே 20 லட்சம் பிளேடுகளையும் வாங்கியது. ஒவ்வொரு பிளேடு உறையிலும் அவர் படம். படத்தில் மனிதர் கறுகறுவென்று மீசை வைத்திருந்தார். சவரத்தை உலகத்துக்கே விற்றவர் மூக்குக்குக் கீழே மட்டும் கை வைக்கவில்லை. நம் ஊர்க்காரர்களுக்கு இந்த நியாயத்தை விளக்க வேண்டியதில்லை.

பாளையங்கோட்டை வீட்டில் அப்பாவின் சவரம் ஜன்னலோரம் நடக்கும். ஜன்னல் கம்பியில் ரசம் போன கண்ணாடி, திண்டில் எவர்சில்வர் டம்ளரில் வெந்நீர், பக்கத்தில் பனாமா பிளேடு. மெழுகுத் தாளை அவர் பிரிக்கிற பக்குவத்தைப் பார்த்தால் உள்ளே விபூதிப் பிரசாதம் இருக்கிறது என்று நினைப்பீர்கள். அந்த பிளேடுக்கு எளிதில் சாவு கிடையாது. மழுங்கினால் கண்ணாடி டம்ளரின் உட்புறத்தில் விரலால் அழுத்தி இப்படியும் அப்படியும் நாலு தேய் தேய்ப்பார். இன்னும் இரண்டு சவரம் வரும். அதற்கும் மேல் முடியாது என்கிற நிலையில் அம்மாவிடம் போகும், தையல் பிரிக்க. அங்கிருந்து எங்கள் ஜியோமெட்ரி பாக்ஸுக்கு, பென்சில் சீவ. கடைசியில் பாதியாக உடைந்து, துருப்பிடித்து, பரண் மேல் எங்கேயாவது கிடந்து, பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர் விரலைக் கீறும். அமெரிக்காவில் குளியலறை அலமாரிக்குள்ளேயே ஒரு சின்னத் துவாரம் வைத்திருந்தார்கள். பழைய பிளேடை அதில் போட்டால் சுவருக்குள் விழும். எங்கே போகிறது, யார் எடுப்பார்கள் என்றெல்லாம் யோசனையே இல்லை. பழைய வீடுகளை இடிக்கிறபோது சுவருக்குள்ளிருந்து பிளேடாகக் கொட்டுகிறது. பென்சில் சீவத் தெரியாத தேசம்.

சென்னையில் இந்தக் கலைக்கு முதல் எதிரி தண்ணீர். எங்கள் குடியிருப்பின் போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, திரியும். சுண்ணாம்பும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து சாம்பல் நிறத்தில் ஒரு பிசுக்கு மிதக்குமே தவிர, நுரை என்று சொல்ல முடியாது. அதனால் கேன் தண்ணீரைச் சுட வைத்தேன். "குடிக்கிற தண்ணியிலயா ஷேவிங்?" என்று வீட்டில் எழுந்த குரல் மூன்றாவது மாடி வரை கேட்டது. கேன் ஒன்று முப்பது ரூபாய், நான் எடுப்பது அரை டம்ளர் என்று கணக்குச் சொன்னேன். கணக்கு எடுபடவில்லை. அந்த வாரம் முழுக்க எனக்குக் காபி கொஞ்சம் தண்ணீராகத்தான் வந்தது. ஊருக்குப் போனால் இந்தப் பஞ்சாயத்தே இல்லை. தாமிரபரணித் தண்ணீரில் பிரஷை இரண்டு சுற்று சுற்றினால் கிண்ணம் பொங்கி வழியும்.

நுரை வருகிற விதத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். பிரஷை வெந்நீரில் ஊறப்போட்டு, ஒரு உதறு உதறி, டப்பாவில் இருக்கும் வட்டச் சோப்பின் மேல் சுற்றினால் முதலில் பெரிய பெரிய கொப்புளமாக, கைப்பிடி வரை வழிகிற மாதிரி வரும். பொறுமையில்லாதவர்கள் அதையே பூசிக்கொள்வார்கள். நாம் கிண்ணத்துக்கு மாற்றி, இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீர் விட்டு, மறுபடி சுற்ற வேண்டும். கொப்புளங்கள் பொடியாகி, பிறகு கண்ணுக்கே தெரியாமல் போய், வெள்ளை மட்டும் மினுமினுவென்று திரண்டு நிற்கும். பிரஷைத் தலைகீழாகப் பிடித்தாலும் விழாது. அதைத் தாடைக்குக் கீழே வட்டம் வட்டமாகத் தேய்க்கிறபோது உள்ளங்கால் வரை ஒரு சுகம் இறங்கும். அந்த நேரத்தில் யாராவது சொத்தை எழுதிக் கேட்டால் கொடுத்துவிடுவேன். நல்லவேளை, நுரை முகத்தாரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

முடி ஊற வேண்டும் என்பது வெறும் சம்பிரதாயம் அல்ல. காய்ந்த முடி முரடு, தண்ணீர் குடித்த முடி இளகிவிடும். 2020இல் எம்.ஐ.டி.யில், குரோம்பேட்டையில் இருப்பதல்ல, அமெரிக்காவில் இருப்பது, பிளேடு ஏன் மழுங்குகிறது என்று ஆராய்ந்து 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். எஃகைவிட முடி ஐம்பது மடங்கு மென்மையானது. ஆனாலும் சரிவாக வளைந்து வந்து, விளிம்பில் தோதான இடத்தில் மோதினால் எஃகுச் சில்லு பெயர்கிறது. தேய்ந்து மழுங்குவதைவிடச் சில்லு பெயர்வதே பெரிய காரணமாம். ஆராய்ச்சி மாணவர் தன் முகத்தையே மழித்து மழித்து, பிளேடை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்திருக்கிறார். அவரை ஆய்வுக்கூடத்திலிருந்து கறிவேப்பிலைக்கு யார் அனுப்புவார்கள்? ஜில்லெட்டின் மெல்லிய தகட்டுக்குக் கூர் ஏற்ற வழி கண்ட வில்லியம் நிக்கர்சனும் அதே எம்.ஐ.டி.யில் படித்தவர்தான்.

ரேசரைப் பிடிப்பதில் ஒரு மரியாதை வேண்டும். கைப்பிடியின் நுனியை இரண்டு விரலில் ஏந்தி, முகத்துக்கு ஏறத்தாழ முப்பது டிகிரி சாய்த்து, அழுத்தாமல் விட்டுவிட வேண்டும். அதன் கனமே வேலையைச் செய்யும். அழுத்தம் கொடுத்துப் பழகிய கார்ட்ரிட்ஜ் கை முதலில் இதை நம்பாது. முடியின் போக்கில் ஒரு சுற்று, மறுபடி நுரை, குறுக்கே ஒரு சுற்று. எதிர்ப்போக்கு என்பது தைரியசாலிகளுக்கு. முடியின் போக்கு என்பதும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. என் கன்னத்தில் கீழ்நோக்கி ஒழுங்காக வருகிற முடி, கழுத்துக்கு வந்ததும் சுழித்துக்கொண்டு காதைப் பார்க்கப் போகிறது. இத்தனை வருஷம் சுமந்த முகத்தின் வரைபடம் இப்போதுதான் எனக்கே கிடைத்தது. ஃபேனை நிறுத்திவிட்டால் சத்தமும் கேட்கும். முடி இருக்கிற இடத்தில் சர்க், சர்க் என்று பேசுகிற பிளேடு, வேலை முடிந்த இடத்தில் ஊமையாகிவிடும். 'நவராத்திரி'யில் சிவாஜி போட்டது ஒன்பது வேடம். நான் கன்னத்தை உப்பி, மேலுதட்டை மடித்து, மூக்கைத் தூக்கி, தாடையைக் கோணி அதற்கும் மேலே போய்விடுவேன். டைரக்டர் யாரும் பார்க்கவில்லை.

சலூன் இருக்கிறதே என்பீர்கள். சலூனை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பிளேடை உறையோடு நீளவாக்கில் மடக்கி 'டக்' என்று இரண்டாக உடைத்து, ஒரு பாதியைக் கத்தியின் வாயில் செருகி, நம் கண்ணெதிரே காட்டிவிட்டு ஆரம்பிப்பார் பாருங்கள், அந்த லாகவம் ஏழு ஜென்மத்துக்கும் எனக்கு வராது. முடிந்ததும் படிகாரக் கல்லைத் தண்ணீரில் நனைத்து ஒரு தேய், சுள்ளென்று ஒரு எரிச்சல், ரத்தப் புள்ளியெல்லாம் அடங்கிவிடும். ஆனால் அங்கே வாயைத் திறக்க முடியாதவன் நான், திறந்தே வைத்திருப்பவர் அவர். தொண்டையில் கத்தி இருக்கிற நேரமாகப் பார்த்து, "நீங்க எந்தக் கட்சி சார்?" என்பார். எனக்கு வேண்டியது இரண்டு பேரும் பேசாத சவரம்.

தடைகள் இல்லாமல் இல்லை. அம்மா ஊரிலிருந்து வீடியோ காலில் வருவாள். என் வழவழக் கன்னத்தைப் பார்த்த மாத்திரத்தில், "ஏலே, இன்னைக்கு வெள்ளிக்கிழமைல்லா, மொகத்துல கத்தி வச்சிருக்கியே" என்பாள். செவ்வாயும் ஆகாது, அன்று சலூனுக்கே லீவு. அமாவாசை கூடாது, பிறந்த நட்சத்திரம் கூடாது, விரத நாள் பற்றிப் பேசவே வேண்டாம். சரி, வளர்த்துக்கொண்டு திரியலாமென்றால் கார்த்திகையில் மாலை போட்டவரா என்று "சாமி" போட்டுக் கூப்பிடுகிறார்கள். கார்த்திகை இல்லாத மாதத்தில் அதே தாடிக்கு அர்த்தம் காதல் தோல்வி. தமிழ் சினிமா நமக்குச் செய்துவைத்த ஏற்பாடு அது. ஐம்பதை நெருங்குகிறவனுக்கு அந்தச் சந்தேகம் வீட்டில் கிளம்பினால் தாங்காது.

ஆனால் பெரிய சந்தேகம் தாடியில் வரவில்லை, தாடி இல்லாததில் வந்தது. ஒரு விடுமுறை நாள். மதியம் மூன்று மணி. ஜெர்மனி சோலிங்கனில் செய்த ரேசர் கூரியரில் வந்திருந்தது. விலையைக் கேட்காதீர்கள், சிக்கனத்துக்காக வாங்கியது. எங்கும் போக வேண்டியதில்லை, யாரும் வரப்போவதில்லை, அந்த நிம்மதியில் இரண்டு சுற்று சவரம் முடித்து, கன்னத்தில் ஓல்டு ஸ்பைஸைத் தட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். தூர்தர்ஷன் காலத்து விளம்பரத்தில் அலை மேல் சறுக்கி வருவானே, அந்த ஆளின் நடையில்தான் வந்தேன் என்று நினைவு.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"எங்கேயும் இல்லையே."

"அப்புறம் எதுக்கு ஷேவிங்?"

"சும்மாதான்."

மாமியார் டி.வி. சத்தத்தைக் குறைத்தார். என் மகன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினான், அது வருஷத்தில் நடப்பதே அபூர்வம். பிரஷ், வெந்நீர், முப்பது டிகிரி, சர்க் சர்க் என்று நான் விளக்க விளக்க, என் மனைவியின் முகத்தில் சந்தேகம் போய் வேறு ஏதோ ஒரு முடிவு வந்து உட்கார்ந்தது.

"சரி, ஷேவ்தான் பண்ணியாச்சே. அப்படியே ஒரு நல்ல சட்டையா மாட்டுங்க, தி.நகர் போயிட்டு வந்துரலாம்."