மீனுக்கும் பாலுக்கும் நடுவே ஒரு பூனை

பெறுநர்: மீன்வளம், கால்நடை பராமரிப்பு, பால்வளத் துறை அமைச்சகம், புது தில்லி.

பொருள்: வீட்டு விலங்கு – பூனை – சீழ்ப்பிடித்த கடிபுண் – கோவை வட்டாரத்தில் அதன் தோற்றமும் பராமரிப்பும் – விளக்கக் குறிப்பு அனுப்புதல் – தொடர்பாக.

வீட்டுப் பூனை என்பது 3 முதல் 5 கிலோ எடையும் நான்கு கால்களும் ஒரு வாலும் கொண்ட ஊனுண்ணிப் பாலூட்டி. மற்ற துறைகளுக்கு இந்த அறிமுகம் தேவையில்லை, அமைச்சகத்துக்குத் தேவை. நாட்டில் 1919இல் தொடங்கிய கால்நடைக் கணக்கெடுப்பின் 21ஆவது சுற்று 2024 அக்டோபர் 25 அன்று தொடங்கியது. மாடு, எருமை, செம்மறி, வெள்ளாடு, பன்றியோடு யாக், மிதுன், ஒட்டகம், கோவேறு கழுதை, யானை, முயல், நாய் என 15 வகை விலங்குகளுக்கு அதில் இடம் உண்டு. கோழியினத்தில் வான்கோழி, காடை, கினிக்கோழி, நெருப்புக்கோழி, ஈமு வரைக்கும் உண்டு. பூனை இல்லை. பீளமேட்டு வீடுகளில் யாக் இருக்கிறதா என்று அறிய விரும்பும் கணக்கெடுப்பாளர், வாசற்படியில் படுத்திருக்கும் பூனையைத் தாண்டித்தான் உள்ளே வருகிறார். அமைச்சகத்தின் பெயரிலேயே மீன் இருக்கிறது, பால் இருக்கிறது. இரண்டையும் உண்ண வேண்டியது மட்டும் விடுபட்டிருக்கிறது.

கொங்கு நாட்டில் இந்தக் கணக்கில் வராத விலங்கு சும்மா இருந்ததில்லை. சோமனூர்த் தறிக்குடோன்களிலும் உடுமலைப் பக்கத்து மக்காச்சோளக் கிடங்குகளிலும் எலி பிடிக்கும் வேலையைச் சம்பளமில்லாமல் பார்ப்பது அதுதான். கோவையில் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில்கள் உள்ளன. எலித் தெள்ளுப்பூச்சி கொண்டுவந்த நோய்க்குப் பயந்து அம்மனுக்கே அந்தப் பெயர் வைத்துக் கும்பிட்ட ஊர் இது. எலிக்கு எதிர்த்தரப்பில் நிற்கும் விலங்கின் எண்ணிக்கை அந்த ஊருக்கும் தெரியாது, அரசுக்கும் தெரியாது. ஒரு பூனை வீட்டுப் பராமரிப்பில் 12 முதல் 15 ஆண்டுகள் வாழும். கணக்கெடுப்பு 5 ஆண்டுக்கு ஒருமுறை வரும். ஆக, சராசரிப் பூனை இரண்டு மூன்று கணக்கெடுப்புகளில் விடுபட்டே ஆயுளை முடிக்கிறது.

இனி புண். பூனைக்கு வரும் சீழ்ப்புண்களில் பெரும்பாலானவை இன்னொரு பூனையின் கடியால் வருபவை. காயடிக்கப்படாத கடுவன்கள் எல்லைக்காகவும் பெட்டைக்காகவும் இரவில் ஓட்டுக்கூரைகளில் சண்டையிடுகின்றன. பூனையின் கோரைப்பல் ஊசிபோல் மெல்லியது, நீளமானது. தோலில் அது போடும் துளை சிறியது, உள்ளே இறங்கும் ஆழம் பெரியது. அதன் வாயில் இயல்பாகவே வாழும் பாஸ்டியூரெல்லா முதலிய நுண்ணுயிர்கள் அந்த ஆழத்தில் போய் இறங்குகின்றன. மேல்தோல் ஓரிரு நாளில் மூடிக்கொள்கிறது. உள்ளே காற்றுப் புகாத அறையில் நுண்ணுயிர்கள் பெருகி, இரண்டு மூன்று நாளில் சீழ் திரள்கிறது. கடிபட்ட அன்று வீட்டார் கண்ணுக்கு எதுவும் தெரியாமல் போவதும், அந்த வாரக் கடைசியில் கட்டில் அடியிலிருந்து நாற்றம் வருவதும் இதனால்தான்.

கடி விழுந்த இடம் சண்டையின் வரலாற்றைச் சொல்லும். எதிர்த்து நின்ற பூனைக்குக் கன்னத்திலும் முன்னங்காலிலும் புண் இருக்கும். திரும்பி ஓடிய பூனைக்கு வால் அடியிலும் பின்தொடையிலும் இருக்கும். பூனைக்கு என்றாவது படிவம் அச்சிடப்பட்டால் இதற்கும் ஒரு கட்டம் ஒதுக்கலாம். பூனைகள் உண்மையைச் சொல்லமாட்டா என்பதால் கணக்கெடுப்பாளரே பார்த்து நிரப்பிக்கொள்ள வேண்டும்.

நோய்க்குறிகள் வெளிப்படையாக இரா. பூனை தன் வலியை மறைக்கும். தின்பதை நிறுத்தும், இருட்டில் ஒதுங்கும், தூக்கினால் சீறும், உடலை நக்கிச் சுத்தம் செய்வதை விட்டுவிடும். அதன் இயல்பான உடல் வெப்பம் 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 103க்கு மேல் போனால் காய்ச்சல். தொட்டால் சூடாகவும் மெத்தென்றும் ஒரு வீக்கம் அகப்படும். அது தானே உடைந்தால் பச்சையும் மஞ்சளும் கலந்த சீழ் கொட்டும். உடைந்ததும் பூனை சற்றுத் தெளிவாகும். பல வீடுகளில் அத்தோடு நோய் தீர்ந்ததாக முடிவுகட்டிவிடுகிறார்கள். துளை மறுபடி மூடும், சீழ் மறுபடி திரளும்.

வீட்டு வைத்தியம் இந்த இடத்தில்தான் நுழைகிறது, அதுவும் மிகுந்த நல்லெண்ணத்தோடு. வலிக்கிறதே என்று பாரசிட்டமால் மாத்திரை கொடுப்பவர்கள் உண்டு. மனிதக் கல்லீரல் அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் வழி பூனையின் கல்லீரலில் ஏறத்தாழ இல்லை. மருந்து இரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுக்கும். ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும், மூச்சு முட்டும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே உயிரை வாங்கப் போதும். டெட்டால் ஊற்றிக் கழுவுவதும் அபாயமே. புண்ணில் போட்டது எதுவும் புண்ணோடு நிற்காது. பூனை அதை நக்கி வயிற்றுக்குள் சேர்த்துவிடும். வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் பூசுவதற்கும் இதே கதிதான், கூடவே சீழ் வெளியேறும் வாயையும் அது அடைத்துவிடும். தோட்டத்து வீடுகளில், மாட்டுப் புண்ணில் புழு எடுக்கக் கட்டுத்தரையில் வைத்திருக்கும் டர்பன்டைன் பாட்டில் பூனைக்கும் திறக்கப்படுகிறது. மாட்டின் எடையில் மிகச் சிறு பங்கே உள்ள உடலுக்கு அது நஞ்சு. ஈ முட்டையிட்டுப் புழு வைத்த புண்ணை மருத்துவரிடம் கொண்டுபோய், மயக்கம் கொடுத்து இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுப்பதே முறை. சீழ்ப்புண்ணால் சாகும் பூனைகளைவிட அதற்கான கைவைத்தியத்தால் சாகும் பூனைகள் குறைவு என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. உயிரோடிருப்பவற்றையே எண்ணாத நாட்டில் செத்தவற்றை எண்ணுவது எப்படி?

அரசு பூனையை முழுவதுமாக மறந்துவிட்டது என்று சொல்வதும் அநியாயம். கொங்கு வட்டாரத்தில் நாமக்கல்லில் 1985 முதலும் உடுமலைப்பேட்டையில் 2020 முதலும் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் நடக்கின்றன. பூனை வைத்தியம் அங்கே பாடத்தில் இருக்கிறது, தேர்வுக்கும் வருகிறது. இருப்பதாகவே அரசு ஒப்புக்கொள்ளாத ஒரு விலங்குக்கு வைத்தியம் பார்க்க அதே அரசு பட்டம் கொடுக்கிறது.

மருத்துவமனைக்குப் போகும் வழி தனிப் பாடம். பூனைக்கூடை இல்லாத வீட்டில் இரண்டு காய்கறிக் கூடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்துக் கட்டி, உள்ளே பழைய துண்டு விரித்து, மேலே ஒரு துணி மூடி எடுத்துப்போகலாம். இருட்டினால் பூனை அடங்கும். காத்திருக்கும் இடத்தில் கூடையைத் தரையில் வைக்காமல் மடியில் வைப்பது நல்லது, ஏனென்றால் பக்கத்தில் கணக்கெடுக்கப்பட்ட பிராணிகளான நாய்கள் இருக்கும்.

மருத்துவர் முடியை மழித்து, மயக்கமோ மரப்பு ஊசியோ கொடுத்து, கட்டியின் தாழ்வான இடத்தில் கீறிச் சீழை வடிப்பார். சலைனால் அறையைத் திரும்பத் திரும்ப அலசுவார். செத்த தோலை வெட்டி எடுப்பார். குழி பெரிதாக இருந்தால் சீழ் வடிய மெல்லிய ரப்பர்க் குழாய் ஒன்றைச் செருகிச் சில நாட்கள் விட்டுவைப்பார். பெரும்பாலும் தையல் போடமாட்டார். "ஏனுங்க டாக்டரு, தச்சு உட்டீங்கன்னா வெரசா ஆறிருமில்லீங்களா?" என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் எழுகிறது. தைத்தால் மூடுவது தோல் மட்டுமே. சீழ் உள்ளே அகப்பட்டுக்கொள்ளும். இத்தகைய புண் அடியிலிருந்து மேல்நோக்கி ஆற வேண்டும். ஆறத் தொடங்கியதன் அடையாளம் குழியின் தரையில் ஊறும் ஈரமான இளஞ்சிவப்புச் சதை. நாயைவிடப் பூனைக்கு அது மெதுவாகவே ஊறும். நாய் வளர்த்த அனுபவத்தை வைத்து நாள் குறிப்பவர்கள் ஏமாறுவார்கள்.

வீட்டுப் பராமரிப்பின் முதல் விதி, பூனையைச் சிறிய அறை ஒன்றில் அடைப்பது. மண் போட்ட தட்டுக்குப் பதில் கிழித்த செய்தித்தாள் வைக்க வேண்டும், மண் புண்ணில் ஒட்டும். கழுத்துக்குக் கூம்புக் காலர் கட்டாயம். கிடைக்காத இடத்தில் பழைய எக்ஸ்ரே ஃபிலிமை வெட்டிச் சுருட்டிக் கட்டுவதும் நடக்கிறது. காலரோடு பூனை கதவு நிலையில் முட்டும், பின்னோக்கி நடக்கும், வீட்டாரைக் குற்றவாளிகளைப் பார்ப்பதுபோல் பார்க்கும். இரக்கப்பட்டுக் கழற்றினால் அரை மணி நேரத்தில் புண்ணை நக்கி முதல் நாள் நிலைக்குக் கொண்டுவந்துவிடும். பூனையின் நாக்கு அரம்.

புண்ணைத் தினம் இருவேளை, மருத்துவர் சொன்ன சலைனாலோ, வெறுந்தேநீர் நிறத்துக்கு நீர்த்த பீட்டாடினாலோ துடைக்க வேண்டும். ஓரத்தில் கட்டும் பக்கை வெதுவெதுப்பான ஈரத்துணியால் ஊறவைத்து எடுத்தால் வடியும் வழி திறந்திருக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்க்கத் திருப்தியாக இருக்கும். ஆனால் அது புதிதாக ஊறும் சதையையும் சேர்த்து அரிக்கும். நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை, சொன்ன நாள்வரை ஒரு வேளையும் விடாமல். புண் காய்ந்ததும் மாத்திரையை நிறுத்துவது மறுசீழுக்கு அழைப்பு. டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் பின்னாலேயே சிரிஞ்சில் சில மில்லி தண்ணீர் புகட்ட வேண்டும், உலர்ந்த மாத்திரை உணவுக்குழாயில் தங்கி அதைப் புண்ணாக்கிச் சுருக்கிவிடும்.

சாப்பாடு மருந்துக்குக் குறைந்ததல்ல. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்த பூனைக்கு, அதிலும் கொழுத்த பூனைக்கு, உடற்கொழுப்பு கல்லீரலில் போய்ப் படிந்து மஞ்சள் காமாலை வரலாம். சீழுக்குத் தப்பிய பூனை இதில் போய்விடும். பூனை வாசனையால் சாப்பிடுவது. உக்கடம் மார்க்கெட்டு மத்தியை உப்பில்லாமல் அவித்து, முள் நீக்கி, வெதுவெதுப்பாக வைத்தால் அசையாத பூனையும் தலை தூக்கும். வீட்டு மீன்குழம்பு ஆகாது, வெங்காயமும் பூண்டும் அதன் இரத்த அணுக்களை உடைக்கும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலும் ஒத்துக்கொள்ளாது என்பதைப் பால்வளத் துறை வருத்தத்தோடு குறித்துக்கொள்ளலாம்.

இந்தப் பராமரிப்பில் பராமரிப்பவர் கடிபடுவது வழக்கம். அப்போது சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியும், தேவைப்பட்டால் நுண்ணுயிர்க்கொல்லியும் அங்கே கிடைக்கும். பக்கத்துக் குன்னூரில் 1907 முதல் பாஸ்டர் நிறுவனம் இருக்கும் வட்டாரம் இது. தடுப்பூசியில் அலட்சியத்துக்கு இடமில்லை. விலங்குக்கடிப் பதிவேட்டில் கடித்தது எது என்ற கேள்விக்கு நாய், குரங்கோடு பூனையும் ஒரு விடை. பூனை அரசுப் பதிவில் ஏறும் அரிய தருணம் இது. கடித்த பூனைக்கு ஏட்டில் இடமுண்டு. கடிபட்ட பூனைக்குக் கிடையாது. பதிவுபெற விரும்பும் பூனைகள் செய்ய வேண்டியது என்ன என்பதை அமைச்சகம் இப்படித்தான் தெரிவித்திருக்கிறது.

செலவு என்ற தலைப்பில் அமைச்சகம் பதற வேண்டாம். மேட்டுப்பாளையம் தேக்கம்பட்டியில் கோயில் யானைகளுக்கு நடந்த 48 நாள் புத்துணர்வு முகாம் போன்ற எதையும் பூனை கேட்கவில்லை. பெருந்துறையைச் சுற்றி 2012இல் ஈமு வளர்ப்பு முதலீட்டுத் திட்டங்கள் கவிழ்ந்து, கைவிடப்பட்ட பறவைகளுக்குத் தீனி போடும் பொறுப்பு அரசின் தலையில் விழுந்ததே, அத்தகைய நிலைமையையும் பூனை உண்டாக்கியதில்லை. முதலீட்டாளர்களிடம் பூனை எந்த வாக்குறுதியும் தந்ததில்லை.

இரண்டு வாரம் தாண்டியும் புண் ஆறாவிட்டால் உள்ளே உடைந்த பல்லோ, எலும்பில் தொற்றோ இருக்கலாம். கடியால் பரவும் எஃப்.ஐ.வி. என்ற நோயெதிர்ப்புக் குறைவு நச்சுயிரியும் இருக்கலாம். அதற்கு இரத்தப் பரிசோதனை உண்டு. அந்த நச்சுயிரி மனிதரைத் தொற்றாது. எந்தப் பூனை கடித்தது என்று தெரியாத நிலையில், வெறிநோய்த் தடுப்பூசியைப் பூனைக்கும் மறுபடி போடச் சொல்வார் மருத்துவர்.

புண் ஆறி முடி முளைத்தபின் செய்ய வேண்டியது காயடிப்பு. கடுவனுக்கு அது சிறிய அறுவை. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். எல்லைச் சண்டையும் இரவு உலாவும் அதன்பின் வெகுவாகக் குறையும். ஆனால் சண்டைக்கு இரண்டு பேர் வேண்டும். அடுத்த தெருக் கடுவனுக்கும் இதே அறுவை நடந்தால்தான் கூரை அமைதியாகும். அந்தக் கடுவனுக்கு உரிமையாளர் இல்லை. அந்தத் தெருவில் அதுபோல் எத்தனை இருக்கின்றன என்று அமைச்சகத்தைக் கேட்டால், அங்கே யாக் எதுவும் இல்லை என்ற துல்லியமான பதில் கிடைக்கும்.