எரிக்கப் பணம் இருந்தது

1941-இல் ஹாலிவுட்டின் பெரிய ஸ்டுடியோ முதலாளிகள் சேர்ந்து ஒரு படத்துக்குப் பணம் கொடுக்க முன்வந்தார்கள். எட்டு லட்சம் டாலருக்கு மேல். அந்தப் படத்தை எடுக்கவே ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகியிருந்தது. ஆனால் இந்தப் பணம் எடுப்பதற்கல்ல. எடுத்து முடித்த படத்தின் நெகட்டிவையும் பிரதிகளையும் கொளுத்திவிடுவதற்கு. எம்.ஜி.எம்.மின் லூயி பி. மேயர் முன்னால் நிற்க, ஆர்.கே.ஓ. நிறுவனத்துக்கு இந்தப் பேரம் போனது. படம் ‘சிட்டிசன் கேன்’. கூட்டாக எழுதி, இயக்கி, தயாரித்து, நாயகனாகவும் நடித்த ஆர்சன் வெல்ஸுக்கு அப்போது 25 வயது. பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்டுக்குத் தன்னைப் பற்றித்தான் படம் என்று கோபம். அவர் கோபப்பட்டால் மற்ற முதலாளிகளுக்குக் காய்ச்சல்.

ஹாலிவுட் தானாக வலிய வந்து வெல்ஸின் படத்துக்காக நீட்டிய பணத்தில் இதைவிடத் தாராளமான ஒன்று எனக்குத் தெரிந்து இல்லை.

ஆர்.கே.ஓ. மறுத்துவிட்டது. பெருந்தன்மைதான். அடுத்த படம் ‘தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்’ வந்தபோது அந்தப் பெருந்தன்மையும் தீர்ந்துபோயிற்று. வெல்ஸ் அப்போது பிரேசிலில் இருந்தார். உல்லாசப் பயணம் அல்ல, உலகப்போர்க் காலத்தில் லத்தீன் அமெரிக்க நட்புறவுக்காக ஒரு படம் எடுத்துத் தாருங்கள் என்று அமெரிக்க அரசே கேட்டுக்கொண்டதால், சம்பளம் வாங்காமல் போயிருந்தார். அமெரிக்காவில் பொமோனா என்ற ஊரில் முன்னோட்டக் காட்சி போட்டார்கள். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். போதாதா? 40 நிமிடங்களுக்கு மேல் வெட்டினார்கள். முடிவு சோகமாக இருக்கிறதென்று வேறு ஆட்களை வைத்து இனிப்பான முடிவு ஒன்றைப் படமெடுத்து ஒட்டினார்கள். வெட்டிய பகுதிகளின் நெகட்டிவையும் அழித்தார்கள். ஒரு படத்தை ஒழிக்க வெளியார் பணம் எதற்கு, நம் வீட்டிலேயே ஆள் இருக்கிறதே என்று அதற்குள் நிறுவனத்துக்குப் புரிந்துவிட்டது. வெல்ஸின் குழுவை வெளியேற்றியதும் புதிய நிர்வாகம் ஒரு விளம்பர வாசகம் வைத்தது: இனி மேதைமைக்குப் பதில் வியாபாரக் கவர்ச்சி என்பது அதன் சாரம். கிண்டலுக்காக நான் புனைந்ததல்ல. அவர்களே பெருமையாக அச்சடித்துக்கொண்டது. இப்படிப்பட்டவர்கள் இருந்தால் அங்கதம் எழுதுகிறவன் பிழைப்பது எப்படி?

வெல்ஸ் கையில் பணம் கொடுத்தால் உருப்படாது, சொன்ன நாளில் முடிக்கமாட்டார் என்பது அதன்பின் ஊர் முழுக்க ஓதப்பட்ட மந்திரம். சரி, முடித்துக் கொடுத்தால் என்ன நடந்தது? 1957-இல் யுனிவர்சலுக்காக ‘டச் ஆஃப் ஈவில்’ படத்தை எழுதி, இயக்கி, ஊழல் போலீஸ்காரனாகத் தானே நடித்து, கிட்டத்தட்டக் குறித்த நாட்களுக்குள் படப்பிடிப்பை முடித்தார். படத்தை அவர் கையிலிருந்து பிடுங்கி, வேறொரு இயக்குநரை வைத்துச் சில காட்சிகளைச் சேர்த்தார்கள். அவர்களுடைய பிரதியை ஒருமுறை பார்த்த வெல்ஸ், எந்த வெட்டு எங்கே, எந்த ஒலி எதற்கு என்று 58 பக்கக் கடிதம் எழுதினார். கெஞ்சலும் கணக்கும் கலந்த கடிதம். 1998-இல் அந்த 58 பக்கத்தை வைத்து வால்டர் மர்ச் படத்தைத் திரும்பவும் தொகுத்தார். உலகம் மெச்சியது. இயக்குநர் சொன்னதைக் கேட்க நிறுவனத்துக்கு நாற்பது ஆண்டுகள் ஆயின. இடையில் அவர் செத்துப்போனது அவர் அவசரம்.

பிழைப்புக்கு நடித்தார். அந்தக் குரலும் உடம்பும் யாருக்கு வேண்டுமானாலும் வாடகைக்குக் கிடைத்தன. ‘தி தேர்ட் மேன்’ போன்ற நல்ல படங்களிலும் நடித்தார், பெயர் சொல்லக் கூசும் படங்களிலும் நடித்தார். கிடைத்த கூலியைத் தன் படத்தில் கொட்டினார். ‘ஒத்தெல்லோ’வை அப்படித்தான் விட்டுவிட்டு எடுத்தார்: பணம் தீர்ந்தால் படப்பிடிப்பு நிற்கும், நாயகன் வேறு படத்தில் நடிக்கப் போவார், சம்பளத்தோடு திரும்பி வருவார். மொராக்கோவில் உடைகள் வந்து சேரவில்லை என்றதும் ஒரு கொலைக் காட்சியைத் துருக்கிக் குளியலறைக்கு மாற்றினார். குளியலறையில் இடுப்புத் துண்டு போதுமே. 1952-இல் கான் திரைப்பட விழாவின் உயரிய பரிசு அந்தப் படத்துக்கு. ஆம்பர்சன்ஸை வெட்டிய மகான்கள் பட்ஜெட் பற்றி இவருக்குப் பாடம் நடத்தினார்கள்.

பிறகு உறைந்த பட்டாணிக்கு விளம்பரக் குரல், ஒயினுக்கு விளம்பர முகம். பட்டாணி விளம்பரத்தில் வாக்கியம் சரியில்லை என்று அவர் எரிந்து விழும் ஒலிப்பதிவு ஒன்றைக் கைமாற்றிக் கைமாற்றிக் கேட்டுச் சிரித்தார்கள். ஷேக்ஸ்பியரைப் படமாக்கியவனைப் பட்டாணிக்கு அனுப்பியது யார் என்று சிரித்தவர்கள் கேட்கவில்லை.

விருதுகளுக்குக் குறைவில்லை. பெற்றவனைப் பட்டினி போட்டுவிட்டுக் கருமாதிக்கு ஊரையே அழைத்து இலைபோடும் பிள்ளைகளின் தாராளம் அது. ஒரே வித்தியாசம், இங்கே அவர் உயிரோடு பந்தியில் உட்கார வைக்கப்பட்டிருந்தார். 1971-இல் கௌரவ ஆஸ்கர். ஸ்பெயினில் இருப்பதாகச் சொல்லி, படம்பிடித்த நன்றியுரையை அனுப்பிவிட்டு உள்ளூரிலேயே இருந்துகொண்டார். 1975-இல் அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் வாழ்நாள் சாதனையாளர் விருது. ஃபிராங்க் சினாட்ரா விழாவை நடத்தினார், நட்சத்திரக் கூட்டம் எழுந்து நின்று தட்டியது. வெல்ஸ் விருதோடு ஒரு காரியமும் கொண்டுவந்திருந்தார். 1970 முதல் எடுத்துக்கொண்டிருந்த ‘தி அதர் சைட் ஆஃப் தி விண்ட்’ படத்திலிருந்து இரண்டு துண்டுகளைத் திரையிட்டார். அதில் ஒன்று, முடியாத படத்தை ஒரு ஸ்டுடியோ அதிகாரிக்குப் போட்டுக்காட்டிப் பணம் கேட்கும் காட்சி. எதிரில் உட்கார்ந்திருந்தவர்களிடம் இதைவிட நேரடியாக எப்படிக் கேட்பது? தட்டினார்கள். படத்தை முடிக்கும் பணம் மட்டும் வந்து சேரவில்லை.

அவரை மகானாக்கவும் வேண்டாம். ஒன்றை முடிக்காமல் அடுத்ததைத் தொடுவார். ‘டான் கிஹோட்டே’ பல ஆண்டுகள் இழுத்து முடியாமலே போனது. ‘விண்ட்’ படத்துக்கு ஈரான் மன்னரின் மைத்துனர் பணத்தை வாங்கியதும் அவர்தான். 1979-இல் அங்கே புரட்சி வந்ததும் நெகட்டிவ் பாரிஸ் பெட்டகத்தில் சிக்கிக்கொண்டது. ஆனால் ஒருவன் பணத்துக்கு ஈரான் வரை போகிறான் என்றால், அவன் வீட்டுக்குப் பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? 1982-இல் ‘சிட்டிசன் கேன்’ படத்தின் சறுக்குவண்டி ஏலத்துக்கு வந்தது. ஸ்பீல்பெர்க் 60,500 டாலர் கொடுத்து வாங்கினார். அந்தப் படத்தை உருவாக்கியவர் அதே காலத்தில் திரைக்கதைகளைத் தூக்கிக்கொண்டு கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருந்தார். மரத்துக்கு மதிப்பு ஏறிவிட்டது. மனிதர் கடைசியாகப் பார்த்த வேலைகளில் ஒன்று, ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ பொம்மைப் படத்தில் கிரகங்களை விழுங்கும் ஒரு ராட்சத இயந்திரத்துக்குக் குரல் கொடுத்தது. சில நாட்களில், 1985 அக்டோபர் 10 அன்று, இறந்தார்.

‘விண்ட்’ படத்துக்கு ஒருவழியாக நெட்ஃபிளிக்ஸ் பணம் கொடுத்தது. 2018-இல் கான் விழாவுக்குப் போக வேண்டிய படம், நெட்ஃபிளிக்ஸுக்கும் விழாவுக்கும் நடந்த விதிமுறைச் சண்டையில் திரும்பப் பெறப்பட்டது. செத்து 33 ஆண்டு ஆன பிறகும் வெல்ஸின் படம் இரண்டு நிறுவனங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது. பிறகு வெனிஸில் திரையிட்டார்கள், மறுபடியும் தட்டினார்கள். முதலாளிகள் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆசைப்பட்ட ஏற்பாடு அன்றுதான் முழுதாகக் கைகூடியது: படம் இருந்தது, இயக்குநர் இல்லை.