அடுப்படியிலிருந்து மேலிடத்துக்கு

பெறுநர்: சமையலறைக் கதவுக்கும் கல்லுக்கும் பொருத்தம் பார்த்து நிறத்தை முடிவு செய்யும் மேலிடம், மாடுலர் கிச்சன் ஷோரூம், முதல் மாடி (ஏ.சி.).

மதிப்புக்குரிய மேலிடத்துக்கு,

இந்த வருஷம் கதவு பிஸ்தாப் பச்சை, மேடை வெள்ளை என்று தாங்கள் பிறப்பித்த ஆணை மதுரை பைபாஸ் ரோடு வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. போன ஆணையை நம்பிச் சாம்பல் நிறத்தில் மாட்டிய எங்கள் தெருக்காரர்கள், இனி அந்த அடுப்படியில் சமைப்பது சட்டப்படி செல்லுமா என்று கேட்கிறார்கள். தயவுசெய்து தெளிவுபடுத்தவும்.

தாங்கள் அனுப்பிய த்ரீ டி படத்தைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தோம். மேடையில் ஒரு பூச்சாடி, பக்கத்தில் பாதி வெட்டிய எலுமிச்சம்பழம். கிரைண்டர் இல்லை, மிக்ஸி இல்லை, கேஸ் டியூப் இல்லை, எண்ணெய்த் தூக்கு இல்லை. ஒரு தாளிப்பு நடந்ததற்கான தடயம்கூட இல்லை. “இவங்க வீட்ல சாப்பிடவே மாட்டாங்களா?” என்றார் என் அத்தை. மேடை இத்தாலியன் மார்பிள் என்று தங்கள் பிரதிநிதி பெருமையாகச் சொன்னார். மார்பிள் சுண்ணாம்புச் சத்து நிறைந்த கல். புளிப்பு பட்டால் அரிக்கும். புளிக்கரைசலோ எலுமிச்சைச் சாறோ கொஞ்ச நேரம் நின்றால், பளபளப்பு போய் மங்கலாக ஒரு வட்டம் விழும். எவ்வளவு துடைத்தாலும் போகாது, திரும்பப் பாலிஷ்தான் போடவேண்டும். ஆக, படத்தில் தாங்கள் அழகுக்கு வைத்திருப்பது பழமல்ல, ஆயுதம். தினமும் புளி கரைக்கிற ஜில்லாவுக்கு இதை விற்கிற தைரியத்தை வணங்குகிறேன்.

சரி, குவார்ட்ஸ் போடுங்கள் என்றார் அடுத்து. பத்தில் ஒன்பது பங்கு கல்தூள், மீதி பிசின். புளிக்கு அஞ்சாத நல்ல சரக்குதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிசின் சூட்டுக்கு அஞ்சும். 150 டிகிரி தாண்டினால் நிறம் மாறலாம், விரிசலும் விடலாம். எங்கள் தோசைக்கல் 200-ஐச் சர்வசாதாரணமாகத் தொடும். அடுப்பிலிருந்து இறக்கியதை எங்கே வைப்பது என்றேன். “பிரிமணை மாதிரி ஏதாவது வெச்சுக்கோங்க மேடம்” என்றார். வாழ்க! லட்ச ரூபாய்க் கல்லுக்கு வைக்கோல் காவல். அதே கல்லை அறுக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலை அரிக்கிறது என்று ஆஸ்திரேலியா 2024 ஜூலையில் அதற்குத் தடையே போட்டுவிட்டது. நம் ஊரில் கட்டர் பிடிக்கும் பையன்கள் முகத்தில் கைக்குட்டை கட்டியிருக்கிறார்கள். கைக்குட்டைக்கு எந்த ஷேட் பொருந்தும் என்று தங்கள் வண்ண அட்டையில் தேடினேன், இல்லை.

கிரானைட் என்று சொன்னதும் தங்கள் பிரதிநிதி, நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்ட மாதிரி சுற்றிலும் பார்த்தார். அது பழைய ஸ்டைலாம். இங்கே பக்கத்தில் மேலூர்ப் பக்கம் வெட்டிய கல்தான் காஷ்மீர் ஒயிட் என்று பேர் வைத்துக்கொண்டு வெளிநாட்டு அடுப்படிகளில் ஏறி உட்கார்ந்தது. அங்கே போனால் ஸ்டைல், இங்கே இருந்தால் பழசு.

இனி முக்கியமான விஷயம். கதவுக்கு ஒட்டுகிற லேமினேட்டில் நிறங்களுக்குக் கணக்கில்லை. கல்லிலோ கடையில் இருக்கிற சில வகைதான், அதிலும் ஒரு ஸ்லாப் மாதிரி இன்னொன்று வராது. கொஞ்சமாக இருப்பதை முதலில் முடித்துவிட்டு, நிறைய இருப்பதில் அதற்குச் சேர்வதை எடுப்பதுதானே முறை? தாங்கள் கதவுக்கு அட்வான்ஸ் வாங்கிய பிறகுதான் கல் பேச்சையே எடுக்கிறீர்கள். இது பெண்ணைப் பார்க்காமல் ஜாக்கெட் தைக்கிற கதை.

எங்கள் கல் மேஸ்திரிக்குத் தங்கள் டிசைன் படிப்பெல்லாம் கிடையாது. அவர் சொன்னது இதுதான்: “குடோனுக்குப் போய் ஸ்லாபை நேர்ல பாருங்க. கறுப்புக் கல்லுன்னா தின்னர் நனைச்ச துணியால ஒரு தேய் தேய்ங்க. சாயம் ஏத்தின கல்லுன்னா துணி கறுத்துடும். அந்த ஸ்லாப்லயே ஒரு வேஸ்ட் துண்டை வாங்கிப் பையில போட்டுக்கிட்டு லேமினேட் கடைக்குப் போங்க.” வீட்டுக்கு வந்ததும் லேமினேட் துண்டைக் கதவு நிற்கிறபடி நிறுத்தி, கல்லைப் படுக்கவைத்து, காலை வெளிச்சத்திலும் ராத்திரி லைட்டிலும் பார்க்கவேண்டுமாம். பார்த்தேன். ஷோரூமின் மஞ்சள் விளக்கில் இரண்டும் ஒரே வெள்ளையாகச் சிரித்தவை, எங்கள் வீட்டு டியூப்லைட்டில் பிரிந்துவிட்டன. கதவின் வெள்ளையில் நீலம் ஓடுகிறது, கல்லின் வெள்ளையில் மஞ்சள். சேர்த்து வைத்தால் கல் கழுவாத மாதிரி இருக்கிறது.

சமைக்காதவர்கள் அடுப்படி வரைவது தப்பு என்று சொல்ல வரவில்லை. 1926-இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற வியன்னாக்காரர் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக ஓர் அடுப்படி வரைந்தார். இன்றைய மாடுலர் கிச்சன் அதிலிருந்து வந்ததுதான். அதற்கு முன் தான் சமைத்ததே இல்லை என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் எந்த வேலைக்கு எத்தனை எட்டு, எத்தனை நொடி என்ற கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு வரைந்தார். ஈ நீலத்தில் உட்காராது என்று அப்போது நம்பினார்கள். அதனால் கதவுக்கு நீலப்பச்சை. கறையும் கத்திக் கீறலும் தாங்கும் என்று மேடைக்கு பீச் மரம். புழு வராது என்று மாவுப் பெட்டிக்கு ஓக் மரம். தங்கள் பிஸ்தாப் பச்சைக்கு என்ன காரணம் என்று கேட்டேன். “ட்ரெண்டிங் மேடம்.”

ஆகவே தங்கள் மேலான கவனத்துக்கு: அடுத்த ஆணை பிறப்பிக்கும் முன் ஷோரூமிலேயே ஒரு நாள் சாம்பார் வையுங்கள். மஞ்சள் தூள் ஒட்டிய விரலை, கைப்பிடி இல்லாத அந்தக் கதவின் இடுக்கில் விட்டுத் திறந்து பாருங்கள். மேடையில் கொஞ்சம் கடுகும் உப்பும் சிந்துங்கள். கறுப்புக் கல்லில் கடுகு ஒளிந்துகொள்ளும், வெள்ளையில் உப்பு. புள்ளி போட்ட சாம்பல் கல்லில் இரண்டுமே கண்ணில் படாது. விருந்தாளி திடீரென்று வந்து நிற்கிற வீடுகளில் அந்தக் கல் ஏன் இத்தனை காலம் ஓடியது என்று அப்போது விளங்கும்.

இப்படிக்கு,
மேடைக்கு இந்தப் பக்கம் நிற்பவள்

இணைப்பு: கிரானைட் வேஸ்ட் துண்டு ஒன்று. அட்வான்ஸ் தொகை இணைக்கப்படவில்லை.