கீழ்பென்னாத்தூரில் ஆண்டெனா எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்

வீட்டுக்குள் வைக்கும் ஆண்டெனாவில் படம் தெளிவாக வர வழி கேட்பவர்கள், முதலில் பூமியின் வளைவைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

டிவி அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். கோபுரம், ஆண்டெனா இரண்டின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, தனித்தனியே வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12-ஆல் பெருக்கினால் அலை எட்டும் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 150 மீட்டர் கோபுரத்துக்கும் மாடியில் 9 மீட்டர் உயரத்தில் உள்ள ஆண்டெனாவுக்கும் அது 63 கிலோமீட்டர். கீழ்பென்னாத்தூரிலிருந்து சென்னை வான்வழியிலேயே 140 கிலோமீட்டருக்குக் குறையாது. 2016 பிப்ரவரியில் தூர்தர்ஷன் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பைத் தொடங்கிய 16 நகரங்களில் சென்னையும் ஒன்று. செஞ்சி ரோட்டு வீட்டில் ஷோகேஸ் மேல் இருக்கும் ஆண்டெனாவுக்கு அந்த அலை வந்து சேராது. பூஸ்டரும் உதவாது. வந்த அலையைத்தான் அது பெருக்கும், கூடவே இரைச்சலையும்.

அனலாக் காலத்தில் ஒருவர் மாடியில் குழாயைத் திருப்ப, கீழே இருப்பவர் "இன்னும் கொஞ்சம்... போதும், போதும்... போச்சு!" என்பார். முறையான அளவீடு அது. 1926-ல் ஜப்பானில் உடாவும் யாகியும் உருவாக்கிய, மீன்முள் போன்ற அந்த ஆண்டெனாவில், குச்சிகள் குட்டையாகிக்கொண்டே போகும் முனை கோபுரத்தைப் பார்க்க வேண்டும். அன்று அலை குறைந்தால் புள்ளி விழும், ஆனாலும் முகம் தெரியும். டிஜிட்டலில் படம் முழுசாக வரும், இல்லையேல் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும்.

சென்னைக்குள் இருப்பவர்கள் உள் ஆண்டெனாவைக் கோபுரம் இருக்கும் பக்கத்து ஜன்னலில் வைக்கலாம். 500 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு இரு குச்சிகளும் சேர்ந்து 30 சென்டிமீட்டர் போதும்.

கீழ்பென்னாத்தூருக்கு ஏற்றது டிடி ஃப்ரீ டிஷ். மாதச் சந்தா இல்லை. 2024 ஜனவரியில் பொதிகையிலிருந்து பெயர் மாறிய டிடி தமிழும் அதில் வருகிறது. அதைத் தரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரிக்கு மேலே நிற்கிறது. நம் ஊரிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கில், வடக்கிலிருந்து வலமாக 130 டிகிரியில், தரையிலிருந்து 68 டிகிரி உயரத்தில். அந்தப் பக்கம் வேப்பங்கிளையோ தகரக் கொட்டகையோ மறைக்கக் கூடாது. பலத்த மழையில் படம் சற்று நேரம் போகும், திரும்பி வரும். அப்போது டிஷ்ஷைத் தொடாதீர்கள்.

உள் ஆண்டெனாவுக்கென்று வைத்திருக்கும் பணத்தை நல்ல கேபிளுக்கும் துரு ஏறாத ஸ்டாண்டுக்கும் செலவிடுங்கள்.