கடலுக்குப் பக்கத்திலேயே ஒரு கடல்

திருவான்மியூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால், எதிர் அடுக்குமாடிக்கும் அதன் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே விரற்கடை அகலத்துக்குக் கடல் தெரியும். அப்படியிருக்க ஹாலில் எதற்கு இன்னொரு கடல் என்று கேட்பீர்கள். தாராளமாகக் கேளுங்கள். பால்காரர் கேட்டாச்சு, இஸ்திரி போடுகிறவர் கேட்டாச்சு, மாமனார் மதுரையிலிருந்து போன் போட்டு, மாப்பிள்ளைக்குச் சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்ற விசாரிப்போடு சேர்த்துக் கேட்டாச்சு.

தங்கமீன் வளர்ப்பவர்களைக் கண்டால் எனக்கு எப்போதுமே ஓர் இளக்காரம். குழாய்த் தண்ணீரைப் பிடித்து, குளோரின் போக வைத்து, மீனை விட்டால் முடிந்தது. இதில் என்ன பெரிய வித்தை? வளர்த்தால் கடல் மீன், அதுவும் பாறையும் பவளமுமாக ரீஃப் டேங்க் என்று முடிவு கட்டி, கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போய் 2 அடி நீளத்தில் அடக்கமாக ஒரு தொட்டி வாங்கினேன். சின்னத் தொட்டி, சின்னத் தொல்லை என்பது என் கணக்கு. பணத்தை எண்ணிக் கல்லாவில் போட்ட பிறகு கடைக்காரத் தம்பி சொன்னார்: "சின்னதுதான் சார் கஷ்டம். தண்ணி கம்மி இல்லையா, எது கெட்டாலும் சட்டுனு கெட்டுடும்."

தொட்டி 70 லிட்டர் பிடிக்கும். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு என்றால் இரண்டரைக் கிலோ. சாம்பாரில் போடுகிற உப்பு இதற்கு உதவாது. அது சோடியம் குளோரைடு, அதோடு சரி. கடலிலோ மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் என்று ஒரு கூட்டுக் குடும்பமே கரைந்து கிடக்கிறது. அத்தனையையும் அளவாகக் கலந்து வாளியில் அடைத்து விற்கிறார்கள். வாளியில் ஒட்டியிருந்த விலையை என் மனைவி இரண்டு தடவை படித்தாள்.

"நடந்து போற தூரத்துல கடல் இருக்கு. ரெண்டு குடம் மொண்டுட்டு வந்தா ஆகாதா?"

நான் விஞ்ஞானம் பேசினேன். கொஞ்சம் வடக்கே போனால் அடையாறு கடலில் கலக்கிறது, ஊர்ச் சாக்கடையெல்லாம் அதில்தான் வருகிறது, அந்தத் தண்ணீரில் என் மீன் எப்படிப் பிழைக்கும் என்றேன்.

"நீங்க சாயங்காலமானா அதுலதானே கால் நனைச்சுட்டு வர்றீங்க?"

வாளியைப் பிரித்தேன்.

தண்ணீர் தயார், இனி மீன் விடலாம் என்றால் அதுவும் கூடாதாம். தொட்டி முதலில் 'சைக்கிள்' ஆக வேண்டும். உள்ளே ஏதாவது அழுகி அம்மோனியா உண்டாக வேண்டும். அதை நைட்ரைட் ஆக்க ஒரு வகை பாக்டீரியா, நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்க இன்னொரு வகை, இரண்டும் பாறையில் குடியேற வேண்டும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவதை ஓரளவு தாங்கும். குடியேற்றத்துக்கு 4 முதல் 6 வாரம் ஆகும். அழுகுவதற்கு ஒரு பச்சை இறால் போதும் என்றார் தம்பி. ஞாயிற்றுக்கிழமைத் தொக்குக்கு ஆய்ந்து வைத்திருந்ததில் கொழுத்ததாக ஒன்றை எடுத்துத் தொட்டியில் போட்டேன். வீடே பார்த்தது. அன்று மதியம் என் இலையில் தொக்கு மட்டும் இருந்தது, இறால் இல்லை.

வாசலில் கூடையை இறக்கும் மீன்காரம்மாவுக்கு வாரா வாரம் இதே கேள்விதான். "என்ன சார், வெறும் தண்ணிக்கு லைட்டு போட்டு உக்காந்து பாக்குற? மீன் எங்க?" வரும்மா, வரும்மா என்று சமாளித்தேன். பொறுக்கமாட்டாமல் ஒருநாள், "சங்கரா ரெண்டு தரவா? காசு வேணாம்" என்றார். தானம் வாங்குகிற நிலைக்கு வந்துவிட்டேன் என்று தெரிந்தது.

தண்ணீரைச் சோதிக்க டெஸ்ட் கிட் இருக்கிறது. குட்டிக் குப்பியில் தண்ணீர் எடுத்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வரும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். தினமும் ஜன்னலோரம் நின்று இதைச் செய்துகொண்டிருந்தேன். அம்மா ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "எனக்கு சுகர் பாத்து மூணு மாசமாச்சு."

பவளம் வாங்கக் கிளம்பியபோது ஒன்பதாவது படிக்கும் மகள் வழிமறித்தாள். கல்பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கிற அதே அட்டவணை. அதில் நியாயமும் இருக்கிறது. பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கு அனுப்பியே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டை மூழ்கடித்தவர்கள் நாம். ஆகவே என் ரீஃப் டேங்கில் பவளம் கிடையாது, சுட்ட களிமண் பாறைதான். ஜாமீன் தேவைப்படாத அளவுக்கு அழகாக இருக்கிறது.

கடைசியில் மீனும் வந்தது. கோமாளி மீன் ஒரு ஜோடி; 2003-இல் வந்த படத்துக்குப் பிறகு எல்லோரும் அதை நீமோ என்றே கேட்டு வாங்குகிறார்கள். கடலில் பிடித்ததல்ல, பண்ணையில் பொரித்து வளர்த்தது. இந்த மீன் பிறவியில் ஆண். ஜோடியில் பெரியது எதுவோ அது பெண்ணாக மாறி அதிகாரத்தை எடுத்துக்கொள்ளும். அது கிட்டே வந்தால் சின்னது ஒருக்களித்து, உடம்பை வெடவெடவென்று நடுக்கிக் காட்டும். நீ சொன்னால் சரி என்று அர்த்தம். வீட்டுக்கு வந்த நண்பரிடம் இதை விளக்கிக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து "ஏங்க" என்று ஒரு குரல் வந்தது. மிச்சத்தை அவர் நேரிலேயே பார்த்துக்கொண்டார்.

துணைக்கு ஓர் இறாலும் வாங்கினேன். மீன்மேல் இருக்கும் ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்னும் ஜாதி, முதுகில் வெள்ளைக் கோடு. ஒருநாள் காலை அது மல்லாந்து கிடந்தது. கால், மீசை எல்லாம் அப்படியே, உயிர்தான் இல்லை. இடுக்கியால் எடுத்து, துளசிச் செடிக்கு வேண்டாம் என்று அம்மா தடுத்ததால் செம்பருத்தி அடியில் புதைத்தேன். மகள் பள்ளிக்கு அழுதுகொண்டே போனாள். சாயங்காலம் பாறைக்குப் பின்னாலிருந்து காலஞ்சென்றவர் சாவகாசமாக நடந்து வந்தார். இறால் சட்டை உரிக்கும் என்று தம்பி சொல்லியிருந்தாராம். நான் சட்டைக்கு ஈமக்கிரியை செய்திருக்கிறேன்.

தண்ணீர் 26 டிகிரியில் இருப்பது நல்லது. சித்திரை மாதச் சென்னையில் எதுவும் 26 டிகிரியில் இருப்பதில்லை. சில்லருக்கு வசதியில்லாததால் டேபிள் ஃபேனைத் தொட்டிப் பக்கம் திருப்பினேன். அம்மா நாற்காலியோடு தொட்டிப் பக்கம் குடிபெயர்ந்தாள். காற்றில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்த அளவுக்குத் தினமும் உப்பில்லாத தண்ணீர் ஊற்றாவிட்டால் மீன் மெல்ல மெல்லக் கருவாட்டுப் பக்கம் போய்விடும். பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தினால் காலை 9 மணிக்குப் போவது மதியம் 2 மணிக்குத்தான் வரும். பம்ப் நின்றால் மீனுக்கு மூச்சு முட்டும். ஆகவே லீவு போட்டு, சொம்பில் தண்ணீரை மொண்டு அதே தொட்டியில் உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருப்பேன். மேனேஜர் காரணம் கேட்டார். வீட்டில் மூச்சுத் திணறல் என்றேன். யாருக்கு என்று கேட்காத நல்ல மனிதர்.

இப்போது தீபாவளிக்கு மதுரை போக வேண்டும். சாவியை மீன்காரம்மாவிடம் கொடுக்கலாம் என்கிறாள் மனைவி; எனக்குத் துணிச்சல் வரவில்லை. திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் இருப்பவர்கள் யாராவது மனது வைக்க வேண்டும். காலையில் இரண்டு சொம்பு ஆர்.ஓ. தண்ணீர், உப்புப் போடாதது, அவ்வளவுதான் வேலை. கரண்ட் போனால் மட்டும் நீங்கள் லீவு எடுக்க வேண்டியிருக்கும்.