முடிச்சூர்ப் பிரளய புராணம்

ஆதியில் டீக்கடை இருந்தது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு தினத்தந்தியை ஆறு பேர் ஆறு தாளாகப் பிரித்துப் படித்தார்கள். படித்ததை நம்பினார்கள். நம்பாதவர் வேறு டீக்கடை பார்த்துக்கொண்டார்.

பிறகு சாட்டிலைட் யுகம். 1993-இல் சன், 1999-இல் ஜெயா, 2007-இல் கலைஞர் என்று வரிசையாக அவதாரங்கள். நாளடைவில் கொடி வைத்திருந்தவர்கள் சானலும் வைத்துக்கொண்டார்கள். 2001 ஜூன் 30 அதிகாலை கருணாநிதி கைதானார். சன்னில் போலீஸ் தள்ளியது. ஜெயாவில் போலீஸைத் தள்ளினார்கள். உண்மையைக் கண்டுபிடிக்க மாற்றி மாற்றி அழுத்தியதில் எங்கள் வீட்டு ரிமோட் தேய்ந்ததுதான் மிச்சம்.

இந்தக் கலியுகத்தில்தான் 2015-இன் பிரளயம் வந்தது. நவம்பர் நடுவிலேயே எங்கள் முடிச்சூரும் பக்கத்து வரதராஜபுரமும் முழுகிவிட்டன. மாதக் கடைசியில் டெல்லி சானல்களுக்கு ஒரே கவலை, ஆமிர் கான் நாட்டைவிட்டுப் போவாரா மாட்டாரா என்பது. நாங்களோ வீட்டைவிட்டுப் போக போட் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

மும்பையிலிருந்து அத்தை போன் செய்தார். “தம்பி, டிவியில ஒண்ணும் காட்டலியே, உங்க பக்கம் தண்ணி இல்லதானே?” அப்பா கட்டில்மேல் ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்திருந்தார். “டிவியே தண்ணிக்குள்ளதான் இருக்குக்கா.”

டிசம்பர் 1 தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது. மறுநாள், 1878-இல் பிறந்த ‘தி இந்து’ அச்சாகவில்லை. மறைமலை நகர் அச்சகத்துக்கு ஊழியர்களால் போய்ச்சேர முடியவில்லை. எல்லாக் கட்சிக்காரர்களும் மறுக்காமல் ஒப்புக்கொண்ட ஒரே செய்தி அதுதான்: பேப்பர் வரவில்லை.

3-ஆம் தேதி பிரதமர் மோடி வானிலிருந்து பார்வையிட்டார். பத்திரிகை தகவல் அலுவலகம் வெளியிட்ட படத்தில் விமான ஜன்னல் வழியே வீடுகள் துடைத்துவைத்ததுபோல் தெரிந்தன. ஒட்டுவேலை என்று ஊர் சிரித்ததும் படத்தை நீக்கி, இரண்டு படங்களைச் சேர்த்ததாக ஒப்புக்கொண்டார்கள். எங்கள் ஜன்னலில் தெரிந்தது ஒரிஜினல், கேட்பார்தான் இல்லை. வாட்ஸ்அப்பில் ஈ.சி.ஆர். பண்ணையின் முதலைகள் தப்பியோடின. பண்ணை மறுத்தும் பார்வர்டில் நீந்திக்கொண்டேயிருந்தன.

தண்ணீர் வடிந்ததும் விவாதமேடை போட்டார்கள். ஒரே தலைப்பு, செம்பரம்பாக்கம் ஏரி. விநாடிக்கு 29,000 கன அடியை யாரைக் கேட்டுத் திறந்தார்கள்? ஒரு பக்கம் இயற்கைச் சீற்றம் என்றது, இன்னொரு பக்கம் செயற்கை வெள்ளம் என்றது. கேட்க வேண்டிய கேள்விதான். 2018-இல் தணிக்கை அறிக்கையும் இது மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றது.

ஆனால் இதில் ஒரு பூகோளச் சிக்கல். செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலை அருகே. முடிச்சூர் அதற்கும் மேலே இருக்கிறது. அந்தத் தண்ணீர் எதிர்நீச்சல் போட்டு எங்கள் சமையலறைக்கு வரவில்லை. வந்ததெல்லாம் ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர். அந்த ஏரிகளுக்கு ஃபைல் இல்லை, ராஜினாமா செய்ய மந்திரி இல்லை, ஆகவே மைக்கும் இல்லை. பொய் சொன்ன சானலையாவது திட்டலாம். நம்மை முழுக்கிய ஏரியின் பேரே தெரியாத சானலை என்னவென்று திட்டுவது?

அதிலிருந்து மழை பிடித்தால் அப்பா டிவி போடுவதில்லை. தலையில் பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு, டிவிஎஸ் எக்ஸெல்லில் ஆதனூர் ஏரிக்குப் போய்விட்டு வருவார். அந்த வண்டியில் பிரேக் சரியாகப் பிடிக்காது; ஆனாலும் எங்கள் தெருவுக்கு அதுதான் பிரேக்கிங் நியூஸ். திமுக வீடு, அதிமுக வீடு எல்லாம் கேட்டில் நின்று காத்திருக்கும்.

“கலங்கலுக்கு இன்னும் ஒரு முழம் இருக்கு. போய்த் தூங்குங்க.”

தூங்கப் போவார்கள்.